லண்டனில் முதல் பத்து நாள்: சுற்றிப் பார்க்க பேக்கேஜ் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் பிறந்தால் தமிழ் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் வெளிநாட்டுப் படிப்பு பற்றிய கட்டுரைகள் வரிசைகட்டி வருகின்றன. எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கடன், விசாவுக்கு வங்கியில் எத்தனை நாள் பணம் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் விரிவாக இருக்கும். விமானம் இறங்கியதிலிருந்து வகுப்பு தொடங்கும் வரை உள்ள ஒரு வாரம், பத்து நாளைப் பற்றி மட்டும் பேச்சே இருக்காது. அந்த இடைவெளியைத்தான் சில கன்சல்டன்சிகள் பிடித்துக்கொள்கின்றன. ஏர்போர்ட் பிக்கப், சிம் கார்டு, மூன்று நாள் சுற்றுலா பாஸ் என்று ஒரு ‘வெல்கம் பேக்கேஜ்’ போட்டு மாணவர் தலையில் கட்டுகிறார்கள். கல்விக் கடனிலிருந்து போகும் பணம் என்பதால் பெற்றோரும் அதைத் தனியாகக் கணக்குப் பார்ப்பதில்லை.

லண்டனைப் பொறுத்தவரை இந்தப் பேக்கேஜ் வீண் செலவு. அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு டிக்கெட்டே கிடையாது. புதிதாக வந்தவர் கையைக் கடிப்பது ரயில் கேட்டில் கார்டைத் தட்டும்போது நடக்கும் சின்னச் சின்னத் தவறுகள்தான். செப்டம்பரில் கிளம்பப்போகும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் அவற்றையும், முதல் நாள்களில் எங்கே எப்படிப் போகலாம் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் கார்டு. லண்டனில் சுரங்க ரயிலுக்கும் (அங்கே எல்லோருக்கும் அது ‘ட்யூப்’) பஸ்ஸுக்கும் தனி டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு போதும். நம் ஊரில் வாங்கிய கார்டும் வேலை செய்யும். ஆனால் ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ்ஸும் நாமாக இயக்கி வைத்தால்தான் இயங்கும். வங்கிச் செயலியில் இந்த இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். ஹீத்ரோவில் இறங்கியபின் செய்யலாம் என்று விட்டால், ஓடிபி வரவேண்டிய இந்திய சிம் ரோமிங் இல்லாமல் படுத்திருக்கும். ரூபே கார்டை அந்தக் கேட்டில் நம்ப வேண்டாம். இந்தியக் கார்டுக்கு ஒவ்வொரு செலவிலும் அந்நியச் செலாவணிக் கட்டணம் கூடுதலாக விழும் என்பதால், லண்டன் வங்கிக் கணக்கு திறந்து கார்டு வரும் வரைக்கும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஹீத்ரோவிலிருந்து ஊருக்குள் போக மூன்று ரயில்கள். பிக்கடில்லி லைன் மெதுவானது, நடு லண்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், 2025 கட்டணப்படி ஆறு பவுண்டுக்குள் முடிந்துவிடும். 2022இல் திறந்த எலிசபெத் லைன் அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும், கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பேடிங்டன் போகும். வேகத்துக்குத்தான் காசு, பேடிங்டனில் இறங்கி மறுபடி வேறு ரயில் பிடிக்க வேண்டியிருப்பவருக்கு அந்த வேகத்தால் லாபமில்லை. மலிவு என்று பிக்கடில்லியில் ஏறும்முன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ட்யூப் ஸ்டேஷன்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. 23 கிலோ பெட்டி இரண்டைப் படியில் தூக்கும் நிலை வரும். ட்யூப் வரைபடத்தில் ஸ்டேஷன் பெயருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக் குறி இருந்தால் லிஃப்ட் உண்டு. தங்கப்போகும் இடத்துக்கு அருகில் அந்தக் குறியுள்ள ஸ்டேஷனாகப் பார்த்து இறங்குவது நல்லது.

இனி தட்டும் முறை. ட்யூபில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கி வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். இதில் தவறு எங்கெங்கே நடக்கிறது என்றால்: உள்ளே போகும்போது போனைக் காட்டுவார்கள், வெளியே வரும்போது பர்ஸில் உள்ள கார்டைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதானே என்று தோன்றும். கேட்டுக்கு அவை இரண்டு வெவ்வேறு கார்டு. ஒன்று உள்ளே போய் வெளியே வரவில்லை, இன்னொன்று உள்ளே போகாமலே வெளியே வந்திருக்கிறது என்று கணக்கு எழுதி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். அடுத்தது டிஎல்ஆர் என்கிற, டிரைவர் இல்லாமல் ஓடும் கிழக்கு லண்டன் ரயில். அதன் ஸ்டேஷன்கள் பலவற்றில் கதவுபோல் மறிக்கும் கேட் இருக்காது. நடைமேடை ஓரமாக ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் நிற்கும். மறிக்க ஆளில்லை என்று பேசிக்கொண்டே நடந்துவிட்டால் அதிகபட்சக் கட்டணம் விழும். சில ஸ்டேஷன்களில் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு வட்டம் இருக்கும். நடு லண்டனான முதல் மண்டலத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறவர் ரயில் மாறும்போது அதில் தட்டினால் கட்டணம் குறையும். ஸ்டேஷனை விட்டு வெளியே வராமல் கீழேயே மணிக்கணக்கில் சுற்றிப் படம் எடுத்தாலும், பயண நேர வரம்பைத் தாண்டியதாக அதிகக் கட்டணம் விழலாம்.

இப்படித் தவறிப்போன காசைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கி கார்டைப் பதிவு செய்தால், முடிவடையாத பயணங்கள் அங்கே தெரியும். எங்கே இறங்கினோம் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பதிவு செய்யாதவருக்குத் தான் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரிவதில்லை.

வேலைநாளில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் ட்யூபுக்கு உச்ச நேரக் கட்டணம். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அவசரம் எதுவுமில்லை, 9.30 மணிக்குப் பிறகு தட்டினால் போதும். இரண்டு நிமிடம் முன்னால் தட்டி அதிகம் கொடுப்பவர்கள் அன்றாடம் உண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்றினாலும் ஓர் அளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். 2025 மார்ச் கட்டணப்படி முதல் இரண்டு மண்டலங்களுக்குள் அந்த வரம்பு 8.90 பவுண்ட், பஸ் மட்டும் என்றால் 5.25. வார வரம்பும் உண்டு, ஆனால் அது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். வியாழக்கிழமை வந்திறங்குகிறவர் அந்த வாரத்தில் வரம்பை எட்டப்போவதில்லை. 

மாணவர் சலுகை பற்றிப் பெரிய குழப்பம் இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட மாணவருக்கான புகைப்பட ஆய்ஸ்டர் கார்டு (ஆய்ஸ்டர் என்பது லண்டன் போக்குவரத்துத் துறையின் பயணக் கார்டு) 30 சதவீதத் தள்ளுபடி தருவது வார, மாத, ஆண்டுப் பாஸ்களுக்குத்தான். தட்டித் தட்டிப் போகும் சாதாரணக் கட்டணத்தில் அது ஒரு பென்னிகூடக் குறைக்காது. அந்தக் கட்டணம் குறைய வேண்டுமானால் 16–25 ரயில்கார்டு வாங்கி (25 வயதைத் தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவருக்குத் தருவார்கள்), ட்யூப் ஸ்டேஷன் ஊழியரிடம் காட்டி ஆய்ஸ்டரில் இணைக்கச் சொல்ல வேண்டும். உச்ச நேரம் தவிர மற்ற நேர ட்யூப், ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வங்கிக் கார்டில் இதை இணைக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடிந்த பிறகே மாணவர் புகைப்படக் கார்டுக்கு விண்ணப்பம் ஏற்கப்படும், அது தபாலில் வர நாளாகும். அதுவரை வங்கிக் கார்டில் ஓட்டலாம். இன்னொருவரின் மாணவர் கார்டை இரவல் வாங்கித் தட்டுவது மட்டும் வேண்டாம். பிடிபட்டால் கார்டு பறிபோவதோடு வழக்கும் வரலாம். சரியான டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதமே 100 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டினால் 50.

இதெல்லாம் ட்யூப் கணக்கு. உண்மையில் முதல் நாள்களில் ட்யூபில் போவதே பாதி வீண். பூமிக்கு அடியில் போகிறவர் ஊரைப் பார்ப்பதெப்படி? 2025 மார்ச் கட்டணப்படி பஸ்ஸுக்கு 1.75 பவுண்ட். முதல்முறை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே 1.75தான், கடைசி பஸ்ஸில் அந்த ஒரு மணிக்குள் ஏறிவிட்டால் போதும். 15ஆம் எண் பஸ்ஸில் டவர் ஆஃப் லண்டனுக்கு அருகில் ஏறி, மாடியில் முன் சீட்டைப் பிடித்தால், செயின்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டத்தை உரசுவதுபோல் போய், ஃப்ளீட் ஸ்ட்ரீட் வழியாக டிராஃபால்கர் சதுக்கத்தில் இறங்கலாம். அங்கிருந்து 9ஆம் எண் பிக்கடில்லி, ஹைட் பார்க் முனை வழியாக ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குக் கொண்டுபோகும். அங்கே இறங்கி எக்ஸிபிஷன் ரோட்டில் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் பெரிய அருங்காட்சியகங்கள் மூன்றும் வரிசையாக நிற்கும். திறந்த மாடி சுற்றுலா பஸ்காரர்கள் பத்து மடங்குக்கும் மேல் காசு வாங்கிக்கொண்டு காட்டுவதும் ஏறக்குறைய இதே வீதிகளைத்தான்.

பஸ் நிறுத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே சந்திப்பைச் சுற்றி ஆறேழு நிறுத்தங்கள் இருக்கும். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் சிவப்பு வட்டத்துக்குள் ஏ, பி, சி என்று எழுத்து, அதன் கீழே எந்தத் திசைக்குப் போகும் என்ற பெயர், அதற்கும் கீழே பஸ் எண்கள். போன் வரைபடம் ‘நிறுத்தம் எஃப்’ என்று சொன்னால் எஃப் கம்பத்தடியில்தான் நிற்க வேண்டும். எதிர்ப்புற நிறுத்தத்தில் அதே எண் பஸ் வரும், ஊரின் மறுகோடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். பஸ் வரும்போது கையை நீட்டுங்கள். பல எண்கள் நிற்கும் நிறுத்தத்தில் சும்மா நின்றால் டிரைவர் பார்த்துக்கொண்டே போய்விடலாம். ரொக்கத்தை நீட்டாதீர்கள், 2014 முதல் லண்டன் பஸ்களில் காசு வாங்குவதில்லை.

ட்யூப் வரைபடத்தை ஊர் வரைபடமாக நினைப்பதும் ஒரு பொறி. ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான வடிவத்தின் வழிவந்த அந்தப் படம் தூரத்தைக் காட்டாது, இணைப்பை மட்டும் காட்டும். லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே ரயில் ஓடுவது 300 மீட்டர்கூட இல்லை. அதற்கு ட்யூபில் இறங்கி ஏறி முழுக் கட்டணம் கொடுப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். கோவென்ட் கார்டனில் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் படியில் ஏறத் துணிபவர்கள் 193 படிகளை எண்ணிக்கொள்ளலாம்.

எதைப் பார்ப்பது? 2001 டிசம்பர் முதல் பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும், போடுவது அவரவர் விருப்பம். டிக்கெட் இலவசம் என்றாலும் பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டுக்கும் நேரம் குறித்து இணையத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் சனி, ஞாயிறில் வரிசை தெருவரை நீளும். வெள்ளிக்கிழமை மாலை பிரிட்டிஷ் மியூசியம் 8.30 வரையும், நேஷனல் கேலரி 9 வரையும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 10 வரையும் திறந்திருக்கும். பள்ளிக் குழந்தைகளின் பட்டாளம் அப்போது இருக்காது. சக்கரம் வைத்த பெட்டியோடு பிரிட்டிஷ் மியூசியத்தில் விட மாட்டார்கள், விமானத்திலிருந்து நேராகப் போய்விடலாம் என்று திட்டமிடாதீர்கள்.

தமிழ் மாணவருக்கு முதல் அரைநாள் புளூம்ஸ்பரி என்பது எங்கள் கட்சி. ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கி, சதுக்கத்தைக் கடந்து வடமேற்கு மூலைக்குப் போனால் சோவாஸ் கல்லூரி வளாகம். அங்கே 1996இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பின்வாசல், மான்டேகு பிளேஸ் பக்கம். முன்வாசலில் கூட்டம் மொய்க்கும், இங்கே பெரும்பாலும் குறைவு. இந்த வாசல் நமக்குத் தோதாக அமைந்ததற்கு இன்னொரு காரணம், தெற்காசியக் கூடமான 33ஆம் எண் அறை இதற்குப் பக்கத்திலேயே இருப்பது. கி.பி. 1100ஐ ஒட்டிய சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி அங்கே நிற்கிறது. சுற்றிவந்து முதுகுப்புறத்தையும் பாருங்கள், நம் ஊர்க் கோயிலில் அதற்கு வாய்ப்புக் கிடைக்காது. ஒட்டிய கண்ணாடி அறையில் அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். மெட்ராஸ் மாகாண அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்து மெட்ராஸில் வைத்திருந்தவை 1859இல் கப்பலேறின. அதே ஸ்தூபத்தின் இன்னொரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழும்பூரைப் பார்த்துவிட்டு வந்த மாணவருக்கு இங்கே கண் வேறுமாதிரி வேலை செய்யும் என்பதால், கிளம்பும்முன் சென்னையில் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கலாம்.

முழு அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்க்க முயல்வதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கால் நடக்கும், கண் பார்க்காது. இலவசம்தானே, நாலு அறை பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், வருஷம் முழுக்க வரலாம். சுற்றுலாப் பயணிக்கு இல்லாத இந்த வசதியை மாணவர்கள் பயன்படுத்துவதே இல்லை. வெளியே வந்து வடக்கே நடந்தால் டேவிஸ்டாக் சதுக்கத்தின் நடுவில் சம்மணமிட்ட காந்தி சிலை, 1968இல் வைத்தது. 1888இல் சட்டம் படிக்க வந்த காந்தி சேர்ந்த யூனிவர்சிட்டி காலேஜ் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. மேலும் பத்து நிமிடத்தில் பிரிட்டிஷ் லைப்ரரி. மாக்னா கார்ட்டா உள்ள கருவூலக் கூடம் இலவசம். முகவரிச் சான்று கையில் வந்ததும் அங்கேயே இலவச வாசகர் அட்டைக்கும் பதிந்துகொள்ளலாம்.

இரண்டாவது அரைநாள் ஹைகேட். வழிகாட்டிப் புத்தகங்கள் இதை இப்படிச் சேர்த்துச் சொல்வதில்லை. நார்தர்ன் லைனில் ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி மலைச் சரிவில் ஏறினால் வாட்டர்லோ பூங்கா. அதைக் குறுக்கே கடந்தால் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குப் பகுதி, கார்ல் மார்க்ஸ் நினைவிடம் அதற்குள். இங்கே டிக்கெட் உண்டு, பராமரிப்புக்குப் போகும் காசு. திரும்பி மேலேறி குரோம்வெல் அவென்யூவுக்கு வாருங்கள். 65ஆம் எண் வீடுதான் 1905 முதல் 1910 வரை இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸ். சட்டம் படிக்க வந்த வ.வே.சு. ஐயர் மனம் மாறியது இங்கேதான். இப்போது அது தனியார் குடியிருப்பு, தெருவில் நின்று பெயர்ப்பலகையைப் பார்ப்பதோடு சரி, மணியடிக்கக் கூடாது. போனில் ‘இந்தியா ஹவுஸ்’ என்று தேடினால் ஆல்ட்விச்சில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், தெருப்பெயர் போட்டுத் தேட வேண்டும். அங்கிருந்து ஆர்ச்வே ரோட்டுக்கு இறங்கினால் ஹைகேட் முருகன் கோயில், 1986இல் திறந்தது. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், கோயில் நேரத்தைப் பார்த்துவிட்டு நடையின் வரிசையை முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள். திரும்ப 43 அல்லது 134 பஸ்.

தேம்ஸ் நதியின் தென்கரை நடை எல்லோரும் சொல்வதுதான், அதற்குத் தகுந்ததும்தான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பிரிட்ஜ் வரை நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய மின்நிலையத்துக்குள் 2000இல் திறந்த டேட் மாடர்ன் கலைக்கூடம் நடுவழியில், இலவசம், கழிப்பறையும் அங்கே. எதிரே மில்லேனியம் நடைபாலம். 2000 ஜூனில் திறந்தபோது மக்கள் நடக்க நடக்கப் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடி, அதிர்வுத் தாங்கிகள் பொருத்தி 2002இல் திறந்தார்கள். சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் பாலத்தின் அடியில் அந்தத் தாங்கிகளைத் தேடிப் பார்க்கலாம். டவர் பிரிட்ஜ் எப்போது தூக்கப்படும் என்ற நேரப் பட்டியலை அதன் இணையதளத்திலேயே போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போனால் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ‘லண்டன் ஐ’ ராட்டினத்துக்கும் ஷார்டு கோபுரத்துக்கும் காசு கொடுக்கிறார்கள். 22 பிஷப்ஸ்கேட் கட்டடத்தின் 58ஆம் மாடியில் 2023இல் திறந்த ஹொரைசன் 22 பார்வைக் கூடம் 254 மீட்டர் உயரம், இலவசம். 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டின் ஸ்கை கார்டனும் இலவசம், அதன் டிக்கெட்டுகள் திங்கள்கிழமைகளில் திறக்கும், மாலை நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். டிக்கெட்டே வேண்டாம் என்றால் பிரிம்ரோஸ் ஹில் ஏறுங்கள். அதன் அடிவாரத்தில், 10 கிங் ஹென்றிஸ் ரோடு, அம்பேத்கர் 1921–22இல் தங்கிய வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. எல்லா நாளும் திறப்பதில்லை என்பதால் விசாரித்துப் போக வேண்டும்.

கிரீனிச்சுக்கு டிஎல்ஆரில் முன் சீட்டில் உட்கார்ந்து போங்கள், டிரைவர் இல்லாததால் தண்டவாளம் முழுக்க உங்களுடையது. சுழியத் தீர்க்கரேகையில் நின்று போனின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் பூச்சியம் காட்டாது. செயற்கைக்கோள் முறையின் பூச்சியம் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் தள்ளி இருக்கிறது. கடல்சார் அருங்காட்சியகம் இலவசம்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபே, செயின்ட் பால் இரண்டுக்கும் சுற்றிப் பார்க்கக் கணிசமான கட்டணம். மாலை ஈவன்சாங் வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போகலாம், பெரும்பாலான வேலைநாள்களில் 5 மணிக்கு. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம், படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து சுற்றக் கூடாது. அது வழிபாடு என்ற மரியாதையோடு போகிறவருக்கு மட்டும் இந்த யோசனை.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டவர் ஆஃப் லண்டன். கோஹினூர் வைரம் பதித்த கிரீடம் அங்கே. பெரியவர் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல். ஆனால் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் வசிப்பவருக்கு ஒரே ஒரு பவுண்ட்தான். மைல் எண்ட், வைட்சாப்பல் பக்கம் விடுதியில் இருக்கும் மாணவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. வட்டார நூலக அட்டை, முகவரிச் சான்று போன்றவை கேட்பார்கள், நூலக அட்டை இலவசம். சுற்றுலா பாஸ் காசுக்குப் பெறுமா என்று பார்க்க இதுதான் கணக்கு: ஒரு நாளில் குறைந்தது இரண்டு மூன்று கட்டண இடங்களுக்குள் ஓடினால்தான் அது கட்டுப்படியாகும். உறக்கம் இன்னும் இந்திய நேரத்தில் இருக்கும் முதல் மூன்று நாளில் யாரும் அப்படி ஓட மாட்டார்கள்.

திருட்டுப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். லண்டனில் புதியவர் இழப்பது பெரும்பாலும் போன். மின்சைக்கிளில் நடைபாதையை ஒட்டி வந்து கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் சாலையோரத்திலிருந்து விலகி, கடைச் சுவரில் முதுகு வைத்து நின்று பாருங்கள். வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கையை நீட்டிப் பாலத்தைக் காட்டும் நேரம்தான் அவர்களுக்கு வசதி. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், புகார் கொடுக்கத் தேவைப்படும். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மூன்று கிண்ணத்துக்குள் பந்தை ஒளித்துப் பந்தயம் கட்டச் சொல்வார்கள். சுற்றி நின்று ஜெயிப்பவர் அத்தனை பேரும் அவர்கள் ஆட்களே. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போங்கள், ஊர் சுற்ற அது தேவையில்லை.

குடையை விட, தலைமூடி வைத்த மழைக்காப்பு ஜாக்கெட் மேல், பாலங்களில் காற்று குடையைத் திருப்பிவிடும். செப்டம்பர் கடைசியில் ஏழு மணிக்குச் சற்று முன் இருட்டுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைப்பார்கள், அதன்பின் நாலரை மணிக்கே விளக்கு போட வேண்டும், இந்தியாவுடன் நேர வித்தியாசமும் நாலரையிலிருந்து ஐந்தரை மணியாகும். வெளிப்புற நடைகளை முதலில் முடித்துவிட்டு அருங்காட்சியகங்களைக் குளிருக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

குடிநீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை, குழாய் நீரையே குடிக்கலாம். அங்கேயே உட்கார்ந்து குடிக்க மது விற்கும் உரிமம் பெற்ற இடங்கள், வாடிக்கையாளர் கேட்டால் குழாய் நீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். உணவக பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் அது பெரும்பாலும் விருப்பக் கட்டணம், எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். சைவம் சாப்பிடுபவர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கும்முன் எண்ணெயைக் கேட்க வேண்டும், பொரித்த மீனும் சிப்ஸும் விற்கும் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். இட்லி தோசைக்கு ஈஸ்ட் ஹாமும் டூட்டிங்கும் இருக்கின்றன. முதல் வாரமே அங்கே ஓட வேண்டியதில்லை, எப்படியும் மாதம் ஒருமுறை மளிகைக்குப் போகத்தான் போகிறீர்கள்.

லண்டன் கட்டணங்கள் பெரும்பாலும் மார்ச்சில் மாறும், கிளம்பும்முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கல்விப் பக்கத்தில் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே இதற்கு இடம் தந்தால் நல்லது. கன்சல்டன்சிகள் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்பது விசா வந்த கையோடுதான்.

இப்படிக்கு,
லண்டனில் புதிய மாணவர்களுக்கு வழிகாட்டும் வாசகர்கள் சிலர்,
கிழக்கு லண்டன்.